உப்புப் பருக்கையின் அளவு: ஆனையிறவு உப்பளமும் பரந்தன் தொழிற்சாலையும்

வன்னிப் பெருநிலப்பரப்பையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் இணைக்கும் ஒடுங்கிய நிலமாகிய ஆனையிறவு, வரலாற்று நூல்களில் பெரும்பாலும் ஒரு படைவாயிலாகவே இடம்பெற்று வந்துள்ளது. ஒல்லாந்தர் அங்கே அமைத்த சிறு கோட்டையும், 1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளில் நடந்த போர்களும் அவ்விடத்தின் பெயரை உலகறியச் செய்தன. ஆயினும் அந்நிலத்தை நம்பி உழைத்தவர்களுக்கு அது முதலில் ஓர் உப்பளமாகவே இருந்தது. கிளிநொச்சி மாவட்டத்தின் வட எல்லையில் ஆனையிறவிலும், அதனை அடுத்த குறிஞ்சாத்தீவிலும் விளைந்த உப்பு வீட்டுச் சமையலுக்கும் உதவியது, பரந்தனில் எழுந்த இரசாயனத் தொழிற்சாலைக்கும் உணவாயிற்று. இத்தேவைகள் ஒரே வகை உப்பைக் கேட்கவில்லை. ஒன்றுக்குப் பருக்கை சிறிதாகவும், மற்றொன்றுக்குப் பருக்கை பெரிதாகவும் தூயதாகவும் இருக்கவேண்டியிருந்தது. அந்த அளவை யார், எந்த வேளையில், எதனைக் கொண்டு தீர்மானித்தார்கள் என்ற கேள்வியைப் பின்தொடர்ந்தால், ஆனையிறவின் தொழில் வரலாற்றில் அரசின் ஏகபோகம், கைத்தொழில் வளர்ச்சி, போர், மீள்தொடக்கம் ஆகிய நான்கு கட்டங்களும் ஒரே இழையில் கோக்கப்பட்டிருப்பது தெரியவரும்.

ஆனையிறவில் உப்பு விளைவதற்கு முதற்காரணம் அதன் பருவநிலையாகும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாடைக்காற்றோடு வரும் மழை ஆண்டு மழையின் பெரும்பகுதியைக் கொட்டித் தீர்த்துவிட, வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வானம் வறண்டு, தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று இடைவிடாமல் வீசுகிறது. ஆழமற்ற கடல்நீரேரி, நீரை எளிதில் உறிஞ்சாத களித்தரை, நீண்ட வெயில், ஓயாத காற்று ஆகிய நான்கும் ஓரிடத்தில் கூடியமையால், மனிதர் கைவைக்காமலே நீரேரியின் ஓரங்களில் உப்புப் படிவது வழக்கமாயிற்று. உப்பளம் என்பது இயற்கையாக நிகழும் இச்செயலை வரப்புகளாலும் மதகுகளாலும் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் தனித்தனிப் பாத்தியில் நிகழச் செய்யும் ஏற்பாடேயாகும்.

அந்தப் படிகளைப் புரிந்துகொள்ள நீரின் அடர்த்தியைக் கவனிக்க வேண்டும். உப்பளங்களில் அடர்த்தி போமே என்னும் அளவுகோலில் குறிக்கப்படுகிறது. இதில் தூய நீர் 0 பாகையிலும் கடல்நீர் ஏறத்தாழ 3.5 பாகையிலும் நிற்கும். ஒரு லீற்றர் கடல்நீரில் உள்ள ஏறத்தாழ 35 கிராம் உப்புகளில் 27 கிராம் அளவே சோடியம் குளோரைட்டு, அதாவது உணவுக்கும் தொழிலுக்கும் வேண்டிய உப்பு; மீதி மகனீசியம், கல்சியம், பொற்றாசியம் ஆகியவற்றின் உப்புகளாகும். நீர் ஆவியாகி அடர்த்தி உயர உயர, முதலில் சுண்ணாம்பு சார்ந்த படிவும், 13 பாகையளவில் ஜிப்சமும் கீழே தங்கிவிடுகின்றன. நீரின் கனவளவு ஏறத்தாழப் பத்திலொன்றாகக் குறுகி, அடர்த்தி 25 பாகையைத் தாண்டும்போதுதான் சோடியம் குளோரைட்டு பளிங்காகத் தொடங்கும். 29 அல்லது 30 பாகையில் எஞ்சும் நீரில் மகனீசிய உப்புகள் மிகுந்திருப்பதால் அது கசக்கும். அக்கசப்பு நீரை வெளியேற்றாது விட்டால் உப்பும் கசந்து, காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும்.

பளிங்காகும் அந்தக் கட்டத்திலேயே பருக்கையின் அளவும் தீர்மானமாகிறது. கரைசல் தன்னால் தாங்கக்கூடிய அளவுக்குச் சற்று மேலாக உப்பைத் தாங்கி நிற்கும் நிலை மீநிரம்பல் எனப்படும். அந்நிலையில் சில அயன்கள் ஒன்றுகூடி, மீண்டும் கரைந்துபோகாத அளவை எட்டிய நுண்ணிய திரட்சி ‘கரு’ ஆகிறது; கருக்கள் தோன்றுவது கருவாக்கம், தோன்றியவை மேலும் அயன்களைச் சேர்த்துப் பெருப்பது வளர்ச்சி. பாத்தியிலுள்ள உப்பின் மொத்த அளவு மாறாதபோது, அது எத்தனை கருக்களுக்குப் பங்கிடப்படுகிறது என்பதே ஒவ்வொரு பருக்கையின் பருமனையும் முடிவுசெய்யும். ஒரு கிராம் உப்பு ஒரே கனசதுரமாக வளர்ந்தால் அதன் பக்கம் ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் இருக்கும். அதே ஒரு கிராம் ஆயிரம் கருக்களுக்குப் பங்காகினால் பக்கம் 0.8 மில்லிமீற்றராகவும், பத்து இலட்சம் கருக்களுக்குப் பங்காகினால் 0.08 மில்லிமீற்றராகவும் குறைந்து மாவுபோலாகிவிடும். எண்ணிக்கை எட்டு மடங்கானால் பருமன் பாதியாகும் என்பதே இதன் சுருக்கம். எனவே பருக்கையைப் பெரிதாக்க விரும்புபவர், கருக்கள் பெருகாமல் தொடக்கத்திலேயே தடுத்தாக வேண்டும். பின்னர் செய்யும் எந்த முயற்சியும் அந்தத் தொடக்கத்தை முழுமையாக ஈடுசெய்யாது.

கருக்களின் எண்ணிக்கையை உப்பளத்தில் ஆட்டிவைப்பவை பல. சர்க்கரையைப் போலன்றிச் சோடியம் குளோரைட்டின் கரைதிறன் வெப்பநிலையோடு மிகச் சிறிதளவே மாறுவதால், குளிரவைத்து அதனைப் பளிங்காக்க இயலாது; ஆவியாதலின் வேகமே எல்லாவற்றையும் நடத்துகிறது. நண்பகல் வெயிலில் நீரின் மேற்பரப்பு மட்டும் விரைந்து செறிவடைய, அங்கே சின்னஞ்சிறு சதுரத் தகடுகள் தோன்றி மிதக்கின்றன. காற்று அடங்கிய வேளையில் அத்தகடுகளின் விளிம்புகள் மேலும் வளர்ந்து, தலைகீழாக நிறுத்திய உட்குழிந்த கூம்பகத்தின் வடிவை அடைகின்றன. காற்று எழுந்து நீரை அலைத்தவுடன் அவை மூழ்கி, அடியில் புதிய பருக்கைகளுக்கு விதையாகின்றன. ஆழம் குறைந்த பாத்தி விரைவில் செறிந்து பொடிப் பருக்கையைத் தருகிறது. ஆழம் கூடிய பாத்தியில் செறிவு மெல்ல உயர்வதால், அடியிலுள்ள பருக்கைகளே தொடர்ந்து பெருக்க வாய்ப்புண்டு. நீரில் வாழும் நுண்ணுயிர்கள் சுரக்கும் கொழகொழப்பான கரிமப் பொருள் மிகுந்தால், கரைசல் தடித்துப் பருக்கை சிறுத்தும் பலவீனமுற்றும் போகும். உவர்நீர் இறால் போன்ற சிற்றுயிர்கள் அந்தப் பாசிகளை மேய்ந்து நீரைத் தெளிவாக்குவதால், அவற்றின் இருப்பு நல்ல விளைச்சலோடு சேர்த்துப் பார்க்கப்படுகிறது. எதிர்பாராத ஒரு மழை பெய்தால் சிறு பருக்கைகளே முதலில் கரைந்து மறையும்.

பருக்கை விரைந்து வளர்ந்ததா, மெல்ல வளர்ந்ததா என்பதை அதன் தோற்றமே காட்டிவிடும். மெல்ல வளர்ந்தது கண்ணாடிபோல் தெளிந்திருக்க, விரைந்து வளர்ந்தது தன்னுள்ளே கசப்பு நீரின் நுண்துளிகளை அடைத்துக்கொண்டு வெண்மங்கலாகத் தோன்றும். குழந்தைகளுக்கு நாவூறு கழித்தபின் உப்பையும் மிளகாயையும் நெருப்பில் இடும்போது எழும் படபடவென்ற ஓசைக்கு, பருக்கையுள் அகப்பட்ட அந்நீர் ஆவியாகி வெடிப்பதே காரணமாகும். வீட்டில் நாவூறு வெடித்துச் சிதறுவதாகக் கொள்ளப்படும் இதே நிகழ்வு, தொழிற்சாலையின் நோக்கில் கழுவி நீக்க முடியாத மாசின் அடையாளமாகும்.

பிரித்தானியர் காலத்தில் இந்த நுணுக்கங்களுக்கு அதிக மதிப்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. ஒல்லாந்தர் காலத்திலிருந்தே இலங்கையில் உப்பு ஆட்சியாளரின் ஏகபோகமாக இருந்தது. பிரித்தானியர் அதனைத் தொடர்ந்து, குறைந்த விலைக்குப் பெற்ற உப்பை உயர்ந்த விலைக்கு விற்று அரச வருமானத்தின் ஒரு பகுதியாக்கினர். நீரேரிகளின் ஓரங்களில் தானாக விளைந்த உப்பைக் குடிமக்கள் அள்ளுவது குற்றமாகக் கருதப்பட்டுக் காவல் போடப்பட்டது. ஏகபோகம் எடையை எண்ணியது. எத்தனை அந்தர் சேர்ந்தது, எத்தனை அந்தர் விற்றது என்பதே கணக்கு. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை ஆனையிறவின் வழியாகக் காங்கேசன்துறை வரை நிறைவுற்றபோது, இவ்விடத்து உப்பு தெற்கே செல்வதற்கும் வழி திறந்தது. எனினும் பருக்கையின் அளவையும் தூய்மையையும் தனித்துக் கேட்கும் வாங்குநர் ஒருவர் தோன்றுவதற்கு, நாடு சுதந்திரம் பெறும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த வாங்குநர் பரந்தனில் தோன்றினார். 1948 முதல் 1953 வரை கைத்தொழில் அமைச்சராயிருந்த ஜி. ஜி. பொன்னம்பலத்தின் பெயரோடு, காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் கடதாசித் தொழிற்சாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆகிய மூன்றும் சேர்த்துப் பேசப்படுகின்றன. ஆனையிறவிலிருந்து தெற்கே, ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரியும் சந்தியை அடுத்து 1950களில் நிறுவப்பட்ட பரந்தன் தொழிற்சாலை, உப்பைக் கரைத்து அந்த உவர்நீரில் மின்னைச் செலுத்தி, எரிசோடாவையும் குளோரீனையும் பிரித்தெடுத்தது. இம்முறை மின்பகுப்பு எனப்படும். ஒரு தொன் எரிசோடா பெறுவதற்கு ஏறத்தாழ ஒன்றரைத் தொன் உப்புத் தேவைப்படும். அதனுடன் ஏறத்தாழ 0.9 தொன் குளோரீன் கட்டாயமாகக் கிடைக்கும். குளோரீன் குடிநீரைத் தூய்மையாக்கவும், எரிசோடா சவர்க்காரம், கடதாசி, நெசவு ஆகிய தொழில்களுக்கும் வேண்டியிருந்தன. உப்பு விளையும் இடத்தின் அருகே அதனை உண்ணும் தொழிற்சாலையை நிறுத்திய அத்திட்டம், வன்னியின் இயற்கை வளத்தை நவீன இரசாயனக் கைத்தொழிலோடு பிணைத்த முயற்சியாகும்.

மின்பகுப்புக் கலங்கள் மகனீசியத்தையும் கல்சியத்தையும் பொறுத்துக்கொள்வதில்லை. அவற்றை முன்னதாகவே சோடாவும் எரிசோடாவும் சேர்த்துப் படியவைத்து நீக்கவேண்டும். எனவே உப்பில் மாசு மிகுந்தால், தொழிற்சாலை தான் ஆக்கிய எரிசோடாவின் ஒரு பங்கைத் தன் மூலப்பொருளைத் துடைப்பதிலேயே செலவிட நேரும். உறுதியான, இடைப்பட்ட அளவுள்ள தெளிந்த பருக்கையைச் செறிந்த உவர்நீரால் கழுவினால், மேலே ஒட்டிய கசப்பு நீர் வழிந்துவிடும், உப்பும் அதிகம் கரையாது. பொடிப் பருக்கையைக் கழுவினால், பரப்பு மிகுதியால் மாசும் தங்கும், உப்பும் இழப்பாகும். மறுபுறம் முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய்க் கரைகளில் கருவாடு போடுவோருக்குப் பொடி உப்பு வேறொரு காரணத்தால் ஆகாது. அது மீனின் மேற்றசையிலிருந்து நீரை ஒரேயடியாக இழுத்துத் தசையை இறுக்கிவிடுவதால், உப்பு உள்ளே இறங்குவது தடைப்பட்டு, வெளியே காய்ந்த மீன் உள்ளே பழுதாகும். இவ்வாறு ஒரே பாத்தியை நோக்கித் தொழிற்சாலை தூய்மையையும், கருவாட்டுத் தொழில் பருமனையும், வீட்டுச் சமையலறை விரைவில் கரைதலையும் கேட்டன.

பரந்தனின் எரிசோடா சென்று சேர்ந்த சவர்க்காரத் தொழில், துகளின் அளவைப் பற்றிய இன்னொரு வரலாற்றுக்கும் வழிகாட்டுகிறது. எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் பரப்பில் படர்ந்து அதன் இழுவிசையைக் குறைக்கும் பொருள்களில் மிகப் பழையது சவர்க்காரமாகும். செயற்கை இறப்பரும் நீரில் கலக்கும் மைப்பூச்சும் ஆக்கும் தொழிலில், ஸ்டைரீன் போன்ற எண்ணெய்த்தன்மையுள்ள சிறு மூலக்கூறுகளைச் சவர்க்கார நீரில் கலக்கி, அவற்றை நீண்ட தொடர்களாகப் பிணைத்து, இறப்பர்ப்பால் போன்ற வெண்ணிறப் பாலாக மாற்றும் முறை 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் உருவாயிற்று. இது குழம்புப் பல்பகுதியமாக்கல் எனப்படும். இதில் சவர்க்காரத்தின் அளவே துகள்களின் எண்ணிக்கையையும், அதனால் பருமனையும் தீர்மானித்தது. ஆனால் துகளின் மேல் ஒட்டிய சவர்க்காரம் சில பயன்களுக்குப் பெருந்தடையாயிற்று. நுணுக்குக்காட்டிகளின் உருப்பெருக்கத்தைச் சரிபார்க்கவும், மூட்டுவாத நோயைக் கண்டறிய 1956இல் அறிமுகமான குருதிப் பரிசோதனை போன்றவற்றுக்கும், ஒரே பருமனும் தூய பரப்பும் உடைய துகள்கள் வேண்டியிருந்தன.

ஜப்பானில் மட்சுமோட்டோ, ஓச்சி ஆகியோர் 1965இல் சவர்க்காரமே இல்லாமல் அத்தகைய பாலை ஆக்கிக் காட்டினர். பிரித்தானியாவின் பிறிஸ்ரல் பல்கலைக்கழகத்தில் குட்வின், ஒட்டெவில் முதலியோர் 1974இல் அதன் அளவுவிதியை வகுத்தனர். ஏறத்தாழ 70 பாகை செல்சியசில் நீரில் கரைந்த பொற்றாசியம் பேர்சல்பேற்று உடைந்து, எதிர்மின் ஏற்றமுள்ள முனைகளைத் தருகிறது. அம்முனைகளில் ஸ்டைரீன் ஒவ்வொன்றாகச் சேர, தொடர் நீண்டு நீரில் கரையாத நிலையை அடைந்து கருவாகப் பிரிகிறது. ஏற்றம் போதாத கருக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய திரளின் பரப்பில் ஏற்றம் செறிந்து, ஒன்றையொன்று விலக்கும் வலு கிடைத்தவுடன் அவற்றின் எண்ணிக்கை நிலைத்துவிடுகிறது. அதன்பின் நிகழ்வது வளர்ச்சி மட்டுமே. நீரில் கறியுப்பைச் சேர்த்தால் அவ்விலக்கும் வலு தளர்ந்து, கருக்கள் மேலும் ஒட்டி, எண்ணிக்கையில் குறைந்து பருமனில் கூடுகின்றன. ஏனைய நிலைமைகள் மாறாதிருக்க, நீரின் மொத்த அயன்வலிமை பத்து மடங்கானால் துகளின் விட்டம் ஏறத்தாழ 1.7 மடங்காகும் என்பது அவ்விதியிலிருந்து பெறப்படுவது. உப்பு ஓர் எல்லையைத் தாண்டினால் பால் முழுவதும் திரைந்துவிடும். அயன்வலிமை மாறாதிருக்க, வெப்பநிலையையோ பேர்சல்பேற்றையோ கூட்டினால் கருக்கள் பெருகித் துகள் சிறுக்கும். ஸ்டைரீனைக் கூட்டினால் துகள் பெருக்கும். மில்லிமீற்றரில் அளக்கப்படும் ஆனையிறவுப் பருக்கைக்கும், மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைந்த இத்துகளுக்கும் பொருளால் உறவில்லை. இரண்டிலும் அளவு தொடக்கத்தில் எஞ்சும் கருக்களின் எண்ணிக்கையால் முடிவாகிறது என்ற விதியே பொதுவானது. அந்த எண்ணிக்கையை மாற்ற ஆய்வாளர் கையாண்ட பொருள்களுள் ஒன்றும் உப்பேயாகும்.

ஆய்வுகூடத்தில் ஒரு குடுவையினுள் கட்டுப்படுத்தப்படும் இத்தகைய நிலைமைகள், ஆனையிறவில் ஒரு முழு நிலப்பரப்பின் நிர்வாகத்தைச் சார்ந்திருந்தன. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டம், கனகராயன் ஆற்றின் நீரை ஆனையிறவுக் கடல்நீரேரியில் தேக்கி, அதனை நன்னீர் ஏரியாக்கி, முல்லியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக்குக் கொண்டுசெல்ல முனைந்தது. குடாநாட்டின் கிணறுகள் உவர்ப்பதைத் தடுக்கும் அந்நோக்கம் நியாயமானதே. எனினும் உவர்நீரையே முதலாகக் கொண்ட தொழிலும், உவரை அகற்ற முயன்ற திட்டமும் ஒரே நீரேரியின் அயலில் ஒரே காலத்தில் இடம்பெற்றன. திட்டத்தின் சில பகுதிகள் நிறைவேறியும் அது முழுமை பெறவில்லை.

பரந்தன் தொழிற்சாலை 1980களின் நடுப்பகுதியில் நின்றது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் ஆனையிறவு உப்பளம் படைமுகாமின் நிழலில் கைவிடப்பட்டு, வரப்புகள் சிதைந்து, மதகுகள் அழிந்து, பாத்திகள் சேறாயின. கரைசலின் செறிவைப் படிப்படியாக உயர்த்தும் ஒழுங்கு ஒருமுறை குலைந்தால், கடல்நீரும் மழைநீரும் கசப்பு நீரும் ஒன்றாய்க் கலக்கும் வெளியாக உப்பளம் மாறிவிடுகிறது. பொருளாதாரத் தடையின் கீழ்ச் சவர்க்காரமும் அரிதாகிய அந்த ஆண்டுகளில், வடபகுதி மக்கள் பனம்பழக் களியைக் கரைத்து ஆடை துவைத்தனர். அக்களியில் இயல்பாகவே உள்ள சபோனின் என்னும் நுரைக்கும் பொருள், சவர்க்காரத்தைப் போலவே பரப்பிழுவிசையைக் குறைப்பதால் அழுக்கு நீங்கியது. சவர்க்காரத்துக்கு வேண்டிய எரிசோடாவை ஒருகாலத்தில் ஆக்கிய மண்ணில், அதே வேலையைப் பனை ஏற்றுக்கொண்டது. பரந்தனின் பெயரைத் தாங்கிய அரச நிறுவனமோ, குளோரீனை இறக்குமதி செய்து விநியோகிக்கும் நிறுவனமாக மாறிற்று.

உப்பளம் செயலற்றிருந்த அதே காலத்தில் உப்பின் இலக்கணமும் மாறியது. 1995இல் உணவுக்கான உப்பு அனைத்தும் அயடீன் சேர்க்கப்பட்டதாக இருக்கவேண்டும் என்னும் ஒழுங்குவிதி இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. பொற்றாசியம் அயடேற்றுக் கரைசலைத் தெளித்துக் கலக்கும்போது பருக்கைகள் ஒரே அளவில் இருந்தாலொழிய அயடீன் சீராகப் பரவாது. பெரும் பருக்கைகளிடையே அது வழிந்து கீழே தங்கும். ஆகவே கட்டியுப்பின் இடத்தை அரைத்துச் சலித்த பொடியுப்பு பிடித்துக்கொண்டது. போருக்குப் பின் மாந்தை உப்பு நிறுவனத்தின் கீழ் ஆனையிறவில் உற்பத்தி மீண்டும் தொடங்கி, 2025 மார்ச்சில் அங்கேயே மேசையுப்பு ஆக்கும் தொழிற்சாலையொன்று திறக்கப்பட்டது. முதலில் சிங்களப் பெயரோடு வெளிவந்த அதன் உப்பு, மக்களின் எதிர்ப்புக்குப்பின் ‘ஆனையிறவு உப்பு’ என்னும் பெயரைப் பெற்றது.

இத்தொழிற்சாலையோடு, பருக்கையின் அளவைத் தீர்மானிக்கும் இடம் பாத்தியிலிருந்து அரைக்கும் பொறிக்கு நகர்ந்துள்ளது. பொறியும் சல்லடையும் அளவைச் சீராக்க வல்லவை. விரைந்து வளர்ந்த பருக்கை தன்னுள் அடைத்துக்கொண்ட கசப்பு நீரை அவை பருக்கையை உடைத்து வெளிப்படுத்துமேயன்றி, வளரும்போதே அது அகப்படாமல் காக்க இயலாது. மேசையுப்புக்கு அக்குறையைக் கழுவுதலும் உலர்த்தலும் பெருமளவு ஈடுசெய்யலாம். எரிசோடாவையும் குளோரீனையும் ஆக்கும் தொழில் பரந்தனில் மீண்டும் எழுமாயின், அதற்கு வேண்டிய உப்பின் தரம் பாத்தியிலேயே, கருக்கள் தோன்றும் முதல் நாள்களிலேயே முடிவாகியிருக்க வேண்டும். ஏகபோகக் காலத்து நிர்வாகம் எடையை மட்டும் எண்ணியதும், பரந்தனின் தேவை அந்தக் கணக்கைத் தூய்மையை நோக்கித் திருப்பியதும், போர் அக்கணக்கை அடியோடு அழித்ததும் காட்டுவது இதுவே: நீரின் அடர்த்தியை அளந்து, மதகை உரிய வேளையில் திறந்து மூடும் தேர்ச்சியே ஆனையிறவின் மூலதனமாக இருந்தது; கட்டடங்களை எழுப்புவதைவிட, நீண்டகால இடைவெளியால் அறுந்துபோன அந்தத் தேர்ச்சியை மீட்டெடுப்பதே அதிக காலம் வேண்டும் பணியாகும்.